தண்ணீர்ப் பக்கமே விடமாட்டேன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

களியக்காவிளைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கணவருக்குத் திருவனந்தபுரத்தில் வேலை. மகளுக்கு 11 வயது, எல்லை தாண்டிக் கேரளப் பள்ளியில் படிக்கிறாள். மகனுக்கு 8, இந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் பள்ளி. அவளுக்கு ஓணத்துக்குப் பத்து நாள் லீவு, இவனுக்கு ஒரு நாள். இவனுக்குக் காலாண்டு லீவு வரும்போது அவளுக்குப் பள்ளிக்கூடம். பரதம், வயலின், அபாகஸ், கராத்தே, இந்தி, ஓவியம், நீச்சல் என்று இரண்டு பேருக்கும் சேர்த்து ஏழு வகுப்புகள்.

போன வருடம் எப்படிப் போனது என்று சொல்கிறேன். ஜூலையில் கராத்தே வகுப்பில் மகனுடைய முன்பல் வேரோடு வந்துவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவி, தாளில் பொதிந்து கொண்டுபோனோம். வைக்க முடியாது என்றுவிட்டார்கள். தீபாவளிக்கு மகள், எரிந்து முடிந்த கம்பி மத்தாப்பை மிதித்துவிட்டாள். பற்பசை பூசினோம். ஜனவரியில் மகன் சைக்கிளில் இருந்து விழுந்து முன்கை முறிந்தது. மாமியார் எலும்பு முறிவுக்குக் கட்டு வைத்தியம் பார்க்கிற ஆசானிடம் கொண்டுபோய்க் கட்டுப் போட்டார். ராத்திரி விரலெல்லாம் வீங்கி, பிள்ளை தூங்கவே இல்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் அதை அவிழ்த்து மாவுக்கட்டுப் போட்டார்கள். ஐந்து வாரம்.

மே மாதம் இரண்டு பேரையும் 12 நாள் நீச்சல் முகாமுக்கு அனுப்பினோம். ஒரு வகுப்பு முக்கால் மணி நேரம், இருபது பிள்ளைகள், ஒரு மாஸ்டர். சான்றிதழும் கிடைத்தது. அதே மாதக் கடைசியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனபோது ஆற்றுக் கடவில் மகன் கால் வழுக்கி ஆழத்துக்குப் போய்விட்டான். நாங்கள் நாலு பெரியவர்கள் பத்தடி தூரத்தில்தான் பேசிக்கொண்டு நின்றோம். ஒரு சத்தம் கேட்கவில்லை அக்கா. துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா முடியைப் பிடித்து இழுத்துப் போட்டார். அவன் ஏன் கூப்பிடவில்லை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

போதாததற்கு, மூளையைத் தாக்குகிற அமீபா காய்ச்சல் செய்தி வேறு. இனிமேல் பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கமே விடமாட்டேன். நீச்சலை நிறுத்தியாகிவிட்டது. மீதி ஆறில் எதை விடலாம்? வயலினா, அபாகஸா?

எஸ்., களியக்காவிளை

*

அன்புள்ள எஸ்.,

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அந்த உரிமையில் ‘நீ’ என்றே எழுதுகிறேன். ஏழு வகுப்பில் நிறுத்தக் கூடாத ஒன்றை முதலில் நிறுத்திவிட்டு, மீதியைப் பற்றி என்னிடம் கேட்கிறாய்.

மற்றதை விரைவாகச் சொல்லி முடிக்கிறேன். தீப்புண்ணுக்குக் குழாய்த் தண்ணீர், இருபது நிமிடம், அவ்வளவுதான். பற்பசை பல்லுக்கு. அடுத்த தீபாவளிக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வை. எரிந்த கம்பியை நேரே அதற்குள் போடப் பழக்கு. பல் விஷயத்தில், எட்டு வயதில் மேல் முன்பல் பெரும்பாலும் நிலைத்த பல்லாகத்தான் இருக்கும். வேரைத் தொடக் கூடாது, தேய்க்கக் கூடாது, சோப்பு கூடவே கூடாது. வெள்ளைப் பகுதியைப் பிடித்து லேசாக அலசி, அந்தக் குழியிலேயே திருப்பி வைத்து, துணியைக் கடிக்கச் சொல்ல வேண்டும். தைரியம் வரவில்லை என்றால் பாலில் போட்டு அரை மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் போக வேண்டும். தாளில் பொதிந்தால் வேரைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் காய்ந்து செத்துவிடும். பால்பல் என்றால் திருப்பி வைக்கவே கூடாது, உள்ளே வளரும் பல்லைக் கெடுக்கும்.

கை முறிவுக்கு மாமியாரை ஏசாதே. வர்மமும் கட்டு வைத்தியமும் இந்த மண்ணின் வித்தை, அவர் அறிந்த வழியில் அவர் ஓடினார். ஆனால் குழந்தையின் எலும்பு நுனியில் வளர்ச்சித் தட்டு உண்டு, முறிவு அதில் பட்டிருக்கிறதா என்று எக்ஸ்ரே இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. கட்டு ஆசான் போட்டதோ ஆஸ்பத்திரியில் போட்டதோ, அன்று ராத்திரி நகத்தை அமுக்கி விட்டுப் பார். வெளுத்த நகம் இரண்டு விநாடியில் சிவக்க வேண்டும். விரல் குளிர்ந்தோ மரத்தோ போனால், விரலை மெல்ல நீட்டும்போது பிள்ளை உயிர் போகிற மாதிரி கத்தினால், விடியக் காத்திருக்காதே. ஐந்தாறு மணி நேரம் ரத்தம் போகாவிட்டால் தசை செத்துவிடும். விடியும்வரை காத்திருந்து உன் மகன் கை தப்பியது அதிர்ஷ்டம்தான்.

இனி தண்ணீருக்கு வருகிறேன்.

அவன் ஏன் கூப்பிடவில்லை? கூப்பிட மூச்சு வேண்டாமா? தண்ணீரில் மூழ்குகிறவர்கள் கையை ஆட்டி ‘காப்பாற்று’ என்று அலறுவதெல்லாம் சினிமாவில்தான். வாய் நீர்மட்டத்துக்கு மேலே வருகிற அந்த ஒரு கணத்தில் உடம்பு மூச்சை இழுக்குமா, சத்தம் போடுமா? கை தானாகவே பக்கவாட்டில் விரிந்து தண்ணீரைக் கீழே அமுக்கும், அதனால் மேலே தூக்கி ஆட்டவும் முடியாது. தலை பின்னால் சாய்ந்திருக்கும், வாய் திறந்து நீர்மட்டத்தில் இருக்கும், முடி கண்ணில் விழுந்தாலும் ஒதுக்கமாட்டான், கண்ணுக்குத் தெரியாத ஏணியில் ஏறுகிறவன் மாதிரி இருப்பான். இருபது விநாடியில் இருந்து ஒரு நிமிடத்துக்குள் கீழே போய்விடுவான். பார்க்கிறவர்களுக்கு விளையாடுகிற மாதிரிதான் தெரியும். தண்ணீரில் பிள்ளை சத்தம் போட்டுக்கொண்டிருந்தால் பயமில்லை, சத்தம் நின்றால்தான் திரும்பிப் பார்க்க வேண்டும்.

நாலு பேர் நின்றோம் என்று எழுதியிருக்கிறாய். நாலு பேர் நின்றதுதான் தப்பு. ஒவ்வொருவரும் மற்ற மூவர் பார்ப்பார்கள் என்று நினைத்திருப்பீர்கள். ஒருவர் பார்க்க வேண்டும், அவர் மட்டும், கைக்கெட்டும் தூரத்தில், போனைப் பையில் போட்டுவிட்டு. பதினைந்து நிமிடம் கழித்து அடுத்தவரிடம் ‘இனி நீ’ என்று வாய்விட்டுச் சொல்லி மாற்ற வேண்டும்.

அந்தச் சான்றிதழையும் கணக்குப் போட்டுப் பார். முக்கால் மணி நேரம், இருபது பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு மாஸ்டரின் கண் கிடைப்பது ஒரு நாளில் இரண்டேகால் நிமிடம். 12 நாளைக்கு 27 நிமிடம். அரை மணி நேரம் வயலின் படித்த பிள்ளையைக் கச்சேரிக்கு அனுப்புவாயா? நீச்சல் தெரியாத பிள்ளைக்காவது தண்ணீரைப் பார்த்தால் பயம் இருக்கும். அரைகுறையாகத் தெரிந்தவன் பயத்தையும் தொலைத்துவிட்டுத்தான் கடவில் இறங்குகிறான்.

நீச்சல் தெரியும் என்றால் என்ன? தலை மூழ்கும் ஆழத்தில் குதித்து மேலே வர வேண்டும். ஒரு நிமிடம் மிதக்கவோ காலடித்து நிற்கவோ வேண்டும். ஒரு சுற்றுத் திரும்பி, எந்தப் பக்கம் கரை என்று பார்க்க வேண்டும். இருபத்தைந்து மீட்டர் போக வேண்டும். ஏணி இல்லாமல் கையை ஊன்றி ஏற வேண்டும். இத்தனையும் நிறுத்தாமல் தொடர்ந்து, நடுவில் யாரையும் எதையும் பிடிக்காமல். இதில் ஒன்று குறைந்தாலும் பிள்ளைக்கு நீச்சல் தெரியாது என்றுதான் கணக்கு. சாதாரணமாக இருபத்தைந்து முப்பது நாள் ஆகும். மாஸ்டருக்கு ஆறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் வேறு இடம் பார்.

முதல் நாலைந்து நாள் கையும் காலும் அடிக்கவே விடக் கூடாது. முகத்தை முக்கி, மூக்கு வழியாகக் குமிழ் விடப் பழக வேண்டும். மூச்சைக் கட்டிப் பிடிக்கிற பிள்ளை மேலே வந்தவுடன் விடவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். இரண்டுக்கும் நேரம் போதாமல் தண்ணீரைக் குடிக்கிறது. அடுத்தது மல்லாந்து மிதப்பது. காது தண்ணீருக்குள் இருக்க வேண்டும், கண் வானத்தைப் பார்க்க வேண்டும், வயிறு மேலே வர வேண்டும். காது நனையாமல் தலையைத் தூக்கினால் இடுப்பு கீழே போகும், பின்னாலேயே காலும் போகும். தலை ஏறினால் கால் இறங்கும், நீச்சலில் பாதித் தப்பு இதுதான். பிறகுதான் காலடி. அது தொடையில் இருந்து வர வேண்டும். சைக்கிள் மிதிக்கிற மாதிரி முட்டியை மடக்கினால் நுரைதான் வரும், உடம்பு நகராது.

கையில் மாட்டுகிற காற்றுப்பையை வாங்காதே. அது பிள்ளையை நட்டுக்குத்தாக நிற்கப் பழக்கும். மூழ்குகிறவன் நிற்கிற நிலை அதுதான். நம் ஊரில் இரண்டு நெற்றுத் தேங்காயை மட்டையோடு எடுத்து, அதன் தும்பையே கொஞ்சம் உரித்து ஒன்றோடொன்று முடிந்து, நெஞ்சுக்குக் கீழே வரும்படி அக்குளில் கொடுப்பார்களே, அது அருமையான ஏற்பாடு. உடம்பு குப்புறக் கிடையாக நிற்கும், கை இரண்டும் காலியாக இருக்கும். முடிச்சு தளர்ந்தால் காய் நழுவும், அதனால் கயிறு போட்டும் கட்டு. காய் நன்றாகக் காய்ந்து, குலுக்கினால் சலசலக்க வேண்டும். பச்சைக் காய் கனத்துக்கொண்டு பாதி முங்கியே கிடக்கும். நாலைந்து நாள் கழித்து இரண்டை ஒன்றாக்கு, அதன்பிறகு அதையும் எடு. கடைசி நாள்களில் ஒருமுறை பள்ளிச் சீருடையோடு இறக்கு. கால் வழுக்குகிற பிள்ளை நீச்சல் உடையிலா இருக்கும்?

அமீபாவுக்குப் பயப்படுகிறாய். பயம் நியாயம்தான், நோய் வந்தால் உயிருக்கே ஆபத்து. ஆனால் அது எதில் வரும் என்று தெரிந்து பயப்படு. பெரும்பாலும் வெயிலில் சூடேறித் தேங்கிய நன்னீரில் இருக்கும். குடித்தால் வராது, ஒருவரிடம் இருந்து ஒருவருக்குத் தொற்றாது, கடல் நீரில் வாழாது. மூக்கின் மேல்பகுதி வழியாகத்தான் மூளைக்கு ஏறும். மே மாதத்தில் வற்றிக் கலங்கிய குளத்தில் இறக்காதே, தலைகீழாகப் பாய விடாதே, அடிச்சேற்றைக் கலக்க விடாதே, மூக்குக்கு ஒரு கிளிப் வாங்கிப் போடு. குளித்துப் பன்னிரண்டு நாளுக்குள் காய்ச்சலோடு கடும் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு வந்தால் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது ‘பிள்ளை குளத்தில் குளித்தான்’ என்பதை. ஒழுங்காகக் குளோரின் போட்ட நீச்சல் குளத்தில் இந்தப் பயம் இல்லை. நல்ல குளத்தில் குளோரின் வாடை தூக்காது என்பதையும் தெரிந்துகொள். கண் எரிகிற அந்த வாடை, வியர்வையும் மூத்திரமும் குளோரினோடு சேர்ந்ததால் வருவது. குளோரின் அளவு எத்தனை, எப்போது பார்த்தீர்கள் என்று கேள். பத்து லட்சத்தில் ஒன்றில் இருந்து மூன்று பங்கு இருக்க வேண்டும். சொல்லத் தெரியாத இடத்தில் பணம் கட்டாதே.

தண்ணீர்ப் பக்கமே விடமாட்டேன் என்கிறாயே, நம் விளவங்கோடு தாலுகாவில் அது முடிகிற காரியமா? பள்ளிக்குப் போகிற வழியில் சானல் கால்வாய், கோயிலுக்குக் குளம், முன்னோருக்குக் கொடுக்கிற வாவு பலிக்கு ஆறு, ஞாயிற்றுக்கிழமை திற்பரப்பு அருவி, விருந்தாள் வந்தால் கடல். பேச்சிப்பாறை அணையில் மழை பெய்து ஷட்டரைத் திறந்தால் திற்பரப்பில் வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். மணல் அள்ளிய ஆற்றில் முட்டளவு, அடுத்த எட்டில் இரண்டாள் ஆழம். கடலில் காற்றே இல்லாத நாளில் கள்ளக்கடல் ஏறும், தெற்கே எங்கோ கிளம்பிய அலை அது. 2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் சிக்கி இறந்துபோனார்கள். முந்தைய நாள்களிலேயே எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். அங்கெல்லாம் நீச்சல் மட்டும் காப்பாற்றாது, எப்போது இறங்கக் கூடாது என்ற அறிவும் வேண்டும். தண்ணீரைப் பழகாத பிள்ளைக்கு அந்த அறிவு எங்கிருந்து வரும்?

மகளுக்கு இன்னொன்றும் சொல்லிக்கொடு. தம்பி மூழ்கினால் பின்னாலேயே குதிக்கக் கூடாது. மூழ்குகிறவன் பிடிக்கிற பிடியில் இரண்டு உயிரும் போகும். கரையில் படுத்துக்கொண்டு கம்பை நீட்டலாம், வேட்டியையோ சேலையையோ வீசலாம், மூடி இறுகிய காலிக் கேனை எறியலாம். 2020-இல் பெரம்பலூர் கொட்டரை அணையில் மூன்று பெண்கள் உடுத்திய சேலையை வீசித்தான் இரண்டு பையன்களைக் கரையேற்றினார்கள்.

உன் மகனைத் தூக்கிப் போட்ட அன்று வயிற்றை அமுக்கினீர்களா, தலைகீழாகப் பிடித்துச் சுற்றினீர்களா? எழுதவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இரண்டும் வேண்டாம். வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போகும். மூச்சு இல்லை என்றால் தலையைச் சாய்த்து, மூக்கை மூடி, வாயில் ஐந்து முறை ஊது. அசைவில்லாவிட்டால் நடு நெஞ்சில், நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும்படி முப்பது முறை அமுக்கு, இரண்டு முறை ஊது, அப்படியே விடாமல் செய். நிமிடத்துக்கு நூறில் இருந்து நூற்றிருபது வேகம். இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும். எழுந்து உட்கார்ந்து சிரித்தாலும் ஆறு முதல் எட்டு மணி நேரம் இருமலும் மூச்சிரைப்பும் வருகிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டும்.

வயலினா அபாகஸா என்று கேட்டிருந்தாய், எங்கேயோ போய்விட்டேன். எது மகளுக்கு, எது மகனுக்கு என்றே நீ எழுதவில்லை, பிள்ளைகளிடம் கேள். இரண்டு பள்ளிக்கும் சேர்ந்து நீண்ட லீவு கிடைப்பது மே மாதம் ஒன்றுதான். அந்த மாதம் காலை ஆறரையில் இருந்து ஏழரை வரை எந்த வகுப்பு குறுக்கே வருகிறதோ, அதை முதலில் விடு.

அன்புடன்,
அக்கா