‘எப்படிப் போட்டாய்?’ என்றதும் ரப்பரைத் தேடுகிறார்கள்

கேள்வி: ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பிள்ளைகள் விடையைச் சரியாகத்தான் போடுகிறார்கள். ஆனால் ‘எப்படிப் போட்டாய்?’ என்று கேட்டால் வாயே திறப்பதில்லை. சிலர் சரியான விடையையே அழித்துவிடுகிறார்கள். யோசித்ததைச் சொல்லவும், போட்ட கணக்கைத் திரும்பிப் பார்க்கவும் இவர்களை எப்படிப் பழக்குவது?
– ஓர் ஆசிரியை

பதில்: அந்த ரப்பரில்தான் விஷயம் இருக்கிறது. இத்தனை வருடமாக ‘எப்படி?’ என்ற கேள்வி அவர்களுக்கு எப்போது வந்திருக்கும்? விடை தப்பானபோது மட்டும். சரியென்றால் ஒரு டிக், அடுத்த கணக்கு. அதனால் டீச்சர் கேட்டாலே தப்பு என்று முடிவுகட்டிவிட்டார்கள். முதல் சில வாரங்களுக்குச் சரியாகப் போட்டவர்களிடமே அதிகம் கேளுங்கள்.

சின்னக் கணக்காக எடுங்கள். 18 × 5, மனக்கணக்கு. ஒருத்தி பத்தைந்து ஐம்பது, எட்டைந்து நாற்பது, ஆக 90 என்பாள். இன்னொருவன் 18-ஐப் பாதியாக்கி, 5-ஐ இரட்டிப்பாக்கி, 9 × 10 என்பான். இரண்டையும் போர்டில் எழுதுங்கள். எது நல்ல வழி என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். ‘17 × 5-க்கு இரண்டாவது வழி வருமா?’ என்று மட்டும் கேளுங்கள். ஒற்றைப்படை, பாதியாக்க முடியாது என்று பாதி வகுப்பு சொல்லும். யாராவது எட்டரையைப் பத்தால் பெருக்கி 85 என்பார்கள். பிறகு நடக்கும் சண்டையில் நீங்கள் தலையிடவே வேண்டாம்.

ஆலன் ஷோன்ஃபெல்ட் என்ற அமெரிக்கக் கணிதக் கல்வியாளர், மாணவர்கள் கணக்கில் மூழ்கியிருக்கும்போதே போய் மூன்று கேள்வி கேட்பார். இப்போது என்ன செய்கிறாய்? எதற்காகச் செய்கிறாய்? அது உனக்கு எப்படி உதவும்? ஆரம்பத்தில் திணறினார்கள். கேள்வி வரும் என்று தெரிந்த பிறகு, அவர் வருவதற்கு முன்பே தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

கணக்குப் போடுவதை நான்கு படிகளாகப் பிரித்த கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா, போட்டதைத் திரும்பிப் பார்ப்பதை 1945-லேயே நான்காவது படியாக வைத்தார். வகுப்பில் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். 1/2 + 1/3 = 2/5 என்று ஒரு பையன் எழுதியிருந்தால் உடனே தப்பு என்று குறி போடாதீர்கள். ‘2/5 அரையை விடப் பெரிதா, சின்னதா?’ என்று கேளுங்கள். கூட்டியும் குறைந்திருக்கிறதே என்று அவனே கண்டுபிடிப்பான். ‘எந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்?’ என்று ஒரே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அதில் எழுத்துப் பிழை பார்க்காதீர்கள், மதிப்பெண்ணும் போடாதீர்கள். எழுத வராதவன் படம் வரையட்டும்.

எல்லாக் கணக்குக்கும் விளக்கம் கேட்டால் அதுவும் இன்னொரு வீட்டுப்பாடமாகிவிடும். வாரத்துக்கு ஒன்றிரண்டு போதும். ‘பெருக்கினேன், பிறகு கழித்தேன்’ என்று எழுதி வந்தால், அது செய்ததைச் சொல்வதுதான், விளக்கம் ஆகாது. ‘கழிக்க வேண்டும் என்று எதைப் பார்த்துத் தோன்றியது?’ என்று கேளுங்கள். அதற்கும் வாய் திறக்காத பிள்ளையிடம் பக்கத்தில் இருப்பவளின் வழியைக் காட்டி, ‘இவள் என்ன யோசித்திருப்பாள்?’ என்று கேட்டுப் பாருங்கள். அடுத்தவர் கணக்கு என்றால் பயம் பாதி குறையும்.