தோட்டத்தில் பம்பிள்பீ கூடு: கேள்வி பதில்

இங்கிலாந்தில் வெயில் எட்டிப் பார்த்ததுமே பம்பிள்பீ (தேனீக்குச் சொந்தமான, உடம்பெல்லாம் ரோமம் கொண்ட குண்டுப் பூச்சி) பற்றிய கேள்விகளும் வந்துவிடும். இந்த முறை வந்தவற்றுக்குச் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

ஹாரோவிலிருந்து: அக்கா, குருவிக்கு வைத்த பெட்டியில் பம்பிள்பீ குடியேறிவிட்டது. வாசலில் ஒரு கூட்டம் எந்நேரமும் வட்டமடிக்கிறது. பிள்ளைகள் தோட்டத்துக்கே போகப் பயப்படுகிறார்கள்.

முதுகு செம்பழுப்பு, வயிறு கறுப்பு, வால்நுனி வெள்ளை என்றால் அது மரப் பம்பிள்பீ. பிரிட்டனில் முதன்முதலாக 2001இல்தான் தென்பட்டது, இப்போது ஊரெல்லாம் இருக்கிறது. வாசலில் சுற்றுபவை ஆண்கள். புது ராணி வெளியே வருமா என்று காத்துக் கிடக்கின்றன. ஆணுக்குக் கொடுக்கே கிடையாது, மிரட்டல் மட்டும்தான். உள்ளே இருக்கும் பெண்களுக்குக் கொடுக்கு உண்டு. பெட்டியைத் தட்டாதீர்கள், வாசலில் முகத்தை வைத்து மூச்சுவிடாதீர்கள். ஆண்கள் வந்துவிட்டார்கள் என்றாலே கூட்டின் காலம் முடியப்போகிறது.

லெஸ்டரிலிருந்து: முடிந்த பிறகு அடுத்த வருடமும் வருமா?

பழைய ராணியும் வேலைக்காரிகளும் ஆண்களும் இலையுதிர் காலத்துக்குள் செத்துவிடும். புது ராணிகள் மட்டும் மண்ணுக்குள் புகுந்து குளிர்காலத்தைத் தூங்கிக் கழிக்கும். அதே கூட்டுக்குத் திரும்புவது அரிது. பெட்டியைக் குளிர்காலத்தில் கழுவி வைத்தால் குருவிக்கு ஆகும்.

மில்டன் கீன்ஸிலிருந்து: புல்வெட்டும் மெஷினை எடுத்தாலே மண்ணுக்குள்ளிருந்து சீறிக்கொண்டு வருகின்றன. ஓட்டையை அடைத்துவிடட்டுமா?

வேண்டாம் தம்பி. வெளியே போனவை திரும்பி வந்து வாசலைத் தேடி அங்கேயே அலையும், உங்களுக்குத்தான் தொல்லை. அது பழைய எலிவளையாக இருக்கும். மெஷின் அதிர்வுதான் அவற்றைக் கிளப்புகிறது. சுற்றி ஓரிரு மீட்டர் புல்லைக் கோடை முடியும்வரை விட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

குரோய்டனிலிருந்து: கொட்டுமா, கொட்டாதா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

சீண்டினால் கொட்டும். ஒரு வரியோடு நிறுத்த மனமில்லை. பூவில் இருக்கும்போது விரலைக் கிட்டக் கொண்டுபோனால் நடுக்கால் ஒன்றை மேலே தூக்கும். கிட்ட வராதே என்று அர்த்தம். கையை எடுத்தால் காலை இறக்கிவிட்டு வேலையைப் பார்க்கும். தேனீயைப் போல் கொடுக்கு தோலில் மாட்டிக்கொள்ளாது, ஆகவே திரும்பவும் கொட்ட முடியும். கொட்டியபின் முகம் வீங்கி மூச்சு முட்டினால் உடனே அவசர உதவிக்கு 999ஐ அழையுங்கள்.

இன்னொருவர்: தேன் எடுக்கலாமா?

விரல் நனையும் அளவுதான் இருக்கும். அது மழைநாளில் அவை பசியாற.

லூட்டனிலிருந்து: கண்ணாடிக் கூடாரத்தில் தக்காளி, கத்தரி எல்லாம் பூக்கிறது, காய்தான் பிடிக்கவில்லை. வெளியே பம்பிள்பீ கூடு இருந்தும் பயனில்லையே?

பகலில் கதவைத் திறந்து வைக்கிறீர்களா? இந்தப் பூக்களில் மகரந்தம் குழல்மாதிரி பைக்குள் அடைந்திருக்கும், உலுக்கினால்தான் கொட்டும். பம்பிள்பீ பூவைக் கடித்துப் பிடித்துக்கொண்டு, சிறகடிக்காமல் உடம்பை மட்டும் அதிரவைக்கும். ரீங்காரம் சட்டென்று மாறுவது காதிலேயே தெரியும். சாதாரணத் தேனீக்கு இந்த வித்தை வராது. பம்பிள்பீ வந்துபோன தக்காளிப் பூவின் மஞ்சள் கூம்பில் பழுப்பாகக் கடித்த தடம் இருக்கும். தடம் இருந்தால் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். இல்லாவிட்டால் காலையில் பூக்கொத்தை விரலால் சுண்டிவிடுங்கள். பூக்கும் செடியில் பூச்சிமருந்து மட்டும் அடிக்காதீர்கள்.