கைக்கெட்டும் உயரம் – ஒரு வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். சென்ற மாதம், வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த பக்கத்துத் தெருக்காரரிடமிருந்து சட்டமிட்ட பழைய புகைப்படப் பிரதி ஒன்றை வாங்கினேன். நியூயார்க் பொது நூலகத்தின் மையச் சிறுவர் அறை என்றும், 1910களில் எடுக்கப்பட்டது என்றும் பின்அட்டையில் எழுதியிருக்கிறது. தாழ்வான மேஜைகள், குட்டை நாற்காலிகள், ஒரு பூச்சாடி, அலமாரியின் முன்னால் நமக்கு முதுகு காட்டி நிற்கும் ஒரு சிறுவன். படத்தில் இருப்பது இவ்வளவுதான். "எல்லா நூலகங்களிலும் இப்படித்தானே இருக்கிறது, இதில் சரித்திரம் எங்கே இருக்கிறது?" என்று கணவர் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நாங்கள் பார்க்கத் தவறியது ஏதேனும் உண்டா? எங்கள் மகளுக்கு ஐந்து வயது. படத்தைக் கூடத்துச் சோபாவுக்கு மேலே மாட்டலாம் என்றிருக்கிறோம்.

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கணவரின் கேள்வி மிக நல்ல கேள்வி. இன்று எல்லா இடத்திலும் அப்படி இருப்பதற்கு அந்த அறையும் அதற்கு முன்னோடியாக இருந்த சில அறைகளுமே காரணம் என்பதால், படத்தில் நீங்கள் முதலில் கவனிக்க வேண்டியது அதிலுள்ள பொருள்களின் உயரத்தை என்று சொல்வேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்கப் பொது நூலகங்கள் பலவற்றில் பன்னிரண்டு அல்லது பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதியே கிடையாது. குழந்தைகள் புத்தகத்தைக் கிழிப்பார்கள், சத்தம் போடுவார்கள், பெரியவர்களின் அமைதியைக் கெடுப்பார்கள் என்பது அன்றைய எண்ணம். 1890இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் புரூக்லைன் நகர நூலகம் சிறுவர்களுக்கென ஓர் அறை ஒதுக்கியபோதுகூட, அதை நிலவறையில்தான் ஒதுக்கியது. பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் கட்டடப் பராமரிப்பு ஊழியரிடமே விடப்பட்டது. 1896இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிராட் என்ற கல்வி நிறுவனத்தின் நூலகம் கட்டப்பட்டபோது, கட்டட வரைபடத்திலேயே சிறுவர் அறைக்கு இடம் வைத்தார்கள். அந்த அறையின் பொறுப்பை ஏற்றவர் ஆன் கேரல் மூர். பத்தாண்டு கழித்து, 1906இல், நியூயார்க் பொது நூலகத்தின் சிறுவர் பணி முழுவதற்கும் தலைமையேற்ற அவர், 1911 மே மாதம் ஐந்தாம் அவென்யூவில் புதிய தலைமைக் கட்டடம் திறக்கப்பட்டபோது உருவாக்கிய அறையைத்தான் நீங்கள் விலைகொடுத்து வாங்கியிருக்கிறீர்கள்.

இப்போது படத்தை ஒருமுறை அருகில் வைத்துப் பாருங்கள். அந்தக் குட்டை நாற்காலிகளில் ஒரு பிள்ளை உட்கார்ந்தால் பாதங்கள் தரையில் பதியும் அல்லவா? பெரியவர்களின் நாற்காலியில் காலைத் தொங்கவிட்டபடி உட்காரும் குழந்தை எந்நேரமும் தன்னை விருந்தாளியாகவே உணரும். பாதம் தரையைத் தொடும்போதுதான் இடம் தன்னுடையது என்று அதற்குத் தெரியும். நீங்கள் குறிப்பிட்ட அந்தச் சிறுவனையும் பாருங்கள். அவனுக்கு எடுத்துக்கொடுக்க அருகில் யாரும் இல்லை, அலமாரிக்குப் பூட்டும் இல்லை. நான் படித்த பள்ளியில் புத்தக பீரோவின் கண்ணாடிக் கதவு வழியாக முதுகுத் தலைப்புகளை மட்டும் மூன்றாண்டுகள் படித்தவன் என்பதால், அந்தச் சிறுவனின் முதுகை என்னால் எளிதில் கடந்துபோக முடியாது. பூச்சாடியும் அப்படித்தான். உடைந்துவிடும் என்ற பயத்தில் அதை யாரும் எடுத்து மறைத்து வைக்கவில்லை.

படத்தில் விழாத ஒன்றையும் சொல்ல வேண்டும். அன்று பெயர் எழுதத் தெரிந்த எந்தக் குழந்தையும் அங்கே உறுப்பினராக முடிந்தது. ஒரு பெரிய கறுப்புப் பதிவேட்டில், புத்தகங்களை நூலகத்திலும் வீட்டிலும் நன்றாகப் பார்த்துக்கொள்வேன், நூலக விதிகளின்படி நடப்பேன் என்ற உறுதிமொழிக்குக் கீழே அது தன் கையால் கையெழுத்திட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கப்பலில் வந்திறங்கி ஓரிரு ஆண்டுகளே ஆன குடும்பத்துப் பிள்ளை, பேனாவை இறுக்கிப் பிடித்து, கோட்டுக்கு மேலும் கீழுமாக எழுத்துகள் ஏறி இறங்கத் தன் பெயரை எழுதி முடிக்கும் அந்த அரை நிமிடத்தைக் கற்பனை செய்யும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது. 'அமைதி' என்று எழுதிய பலகைகளையும் மூர் அகற்றினார். கதை சொல்லும் நேரத்தை மெழுகுவத்தி ஏற்றித் தொடங்கும் வழக்கத்தையும் கொண்டுவந்தார். 1913 வாக்கில் நியூயார்க்கின் கிளை நூலகங்களிலிருந்து இரவலாகச் சென்றவற்றில் மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளுக்கான நூல்கள். 1921இல் பணியில் சேர்ந்த, போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த பூரா பெல்பிரே, ஆங்கிலத்தோடு ஸ்பானிய மொழியிலும் கதை சொல்லத் தொடங்கினார். தாய்மொழியை வாசலில் கழற்றி வைக்காமலே குழந்தை உள்ளே வரலாம் என்றாயிற்று. உங்கள் மகளுக்கு அந்த ஊரில் தமிழில் கதை சொல்லும் நீங்கள், இதன் அருமையை என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

மூரிடம் குறையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தன் ரசனைக்கு ஒவ்வாத புத்தகங்களைப் பற்றிக் கடுமையாகத் தீர்ப்பளித்தார். 1941இல் ஓய்வு பெற்ற பிறகும் அவருடைய சொல்லுக்குக் கனம் குறையவில்லை. பின்னாளில் லட்சக்கணக்கான வீடுகளில் படுக்கையருகே வாசிக்கப்பட்ட ஒரு படக்கதைப் புத்தகம், வெளிவந்து இருபதாண்டுகளுக்கு மேலாகியும் அந்த நூலகத்தின் அலமாரிக்கு வரவில்லை. அலமாரியைத் தாழ்த்தியவரே அதில் எது இருக்கலாம் என்பதில் அவ்வளவு பிடிவாதமாக இருந்தார் என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

கடைசியாக, படத்தை மாட்டுவது பற்றி. சோபாவுக்கு மேலே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அங்கே அது உங்கள் விருந்தினர்களின் கண்ணுக்குத்தான் எட்டும். உங்கள் மகள் புத்தகங்கள் வைத்திருக்கும் மூலையில், நேர் வெயில் படாத சுவரில், படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து மூன்றரை அடிக்கு மேல் போகாதபடி மாட்டுங்கள். அவள் கை பட்டால் சாய்ந்துவிடாமல் இருக்க, ஒன்றுக்கு இரண்டு ஆணிகளாக அடித்துவிடுங்கள். கண்ணாடியில் விரல் ரேகை விழும், துணியால் துடைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்.