சிப்பிப்பாறைக் குட்டிகள் எப்போது அடங்கும்?

கேள்வி: காடாம்புலியூர் பக்கம் மூன்று ஏக்கர் முந்திரியும் கொஞ்சம் மல்லாட்டையும் வைத்திருக்கிறேன். காவலுக்கென்று ஒரே தாயின் சிப்பிப்பாறை சாதி ஆண் நாய்க்குட்டிகள் இரண்டை வாங்கினேன், இப்போது 7 மாதம். சொட்டுநீர்க் குழாயைக் கடித்துப் போடுகின்றன, கோழியைத் துரத்துகின்றன, ஆட்டுக்குட்டியை ஓட ஓட விரட்டுகின்றன. பகல் முழுக்கக் கட்டித்தான் வைக்கிறோம், ஆனாலும் அடங்கவில்லை. வீட்டில் யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறார்கள். எப்போதுதான் அடங்கும்? காயடித்தால் சரியாகுமா?

பதில்: கொடுத்துவிடாதீர்கள் ஐயா, கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் இப்போது பார்ப்பதுதான் மோசமான பருவம். ஏறக்குறைய 6 மாதத்தில் தொடங்கி 15, 18 மாதம் வரைக்கும் இப்படித்தான் ஆட்டம் போடும், பிறகு மெல்லக் குறையும், 2 வயதில் நல்ல பக்குவம் வந்துவிடும், சில ஆண் நாய்களுக்கு 3 வயதுகூட ஆகும். உயரத்தைப் பார்த்து வளர்ந்த நாய் என்று நினைத்துவிடுகிறோம், உடம்பு வளர்ந்த அளவுக்குப் புத்தி இன்னும் வளரவில்லை.

குழாய் கடிப்பது சீக்கிரம் குறையும். நாலாவது மாதத்திலிருந்து 28 பால்பற்களும் விழுந்து 42 நிலைப்பற்கள் முளைக்கும், ஏழு மாதத்தோடு அது முடிகிற கட்டம். அதுவரை ஈறு நமநமக்கும், எதையாவது மெல்லத் தோன்றும், அதற்குத் தடிமனான கயிற்றை முடிச்சுப் போட்டுக் கொடுங்கள். உங்கள் தோப்பில் ஒன்றைக் கவனிக்க வேண்டும், பச்சை முந்திரிக் கொட்டையைக் கடித்தால் ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டு வாயெல்லாம் புண்ணாகிவிடும், அதனால் கொட்டை பொறுக்கிக் குவிக்கிற இடத்தில் குட்டிகளை விடாதீர்கள்.

கட்டி வைப்பதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். இது ஓடுவதற்கென்றே பிறந்த சாதி. அந்த நீண்ட கால், ஒட்டிய வயிறு, ஆழமான நெஞ்சுக்கூடு எல்லாம் அதற்குத்தான். அதைப் பகல் முழுக்க இரண்டு முழக் கயிற்றில் நிறுத்தினால் ஓட்டம் உள்ளேயே தேங்கி, அவிழ்த்துவிட்ட நிமிடம் கண்ணில் பட்டதன் மேல் பாயும். குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒருவர் இதே போலக் கட்டியே வளர்த்த கன்னி என்ற சாதி நாய் ஒன்று, எட்டு மாதத்தில் ஒரே இரவில் சவுக்கு நாற்று மேடை ஒன்றைத் தோண்டிப் பாழாக்கியது. அப்புறம் வேலி போட்ட கொல்லையில் காலையும் மாலையும் அரை மணி நேரம் விட்டுப் பழக்கினார். இரண்டு வயதில் நான் போய்ப் பார்த்தபோது களத்துமேட்டில் சாக்கின் மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது, என்னைப் பார்த்து ஒரு காதை மட்டும் தூக்கியது. வயதோடு சேர்ந்து, தினமும் ஆசை தீர ஓடியதுதான் அதை அப்படி மாற்றியது.

நீங்களும் வெயில் ஏறுவதற்கு முன்னால், 7 மணிக்குள் ஓடவிடுங்கள். ஆனால் பைக்கில் கட்டி ஓட்டுவது வேண்டவே வேண்டாம், எலும்பின் வளர்ச்சி நுனி மூட ஒன்றரை வயது வரை ஆகலாம், அதற்குள் தார்ச்சாலையில் விரட்டினால் கால் கெட்டுவிடும். செம்மண் தரையில் தானாக ஓடி, தானாக நிற்கட்டும். இன்னொன்று, ஒரே தாயின் இரண்டு ஆண் குட்டிகளும் எப்போதும் சேர்ந்தே இருந்தால் ஒன்றை ஒன்று கிளப்பிவிடும், உங்கள் பேச்சு இரண்டுக்கும் காதில் ஏறாது. பழக்குவதற்கு மட்டுமாவது தனித்தனியாகக் கூட்டிப் போங்கள்.

கோழி, ஆடு விஷயத்தில் வயதை நம்பி இருந்துவிடாதீர்கள். துடுக்கு வயதோடு போகும், அசைவதைக் கண்டால் பாய்கிற குணம் சாகும்வரை இருக்கும், ஏனென்றால் இது மோப்பத்தைவிடக் கண்ணை நம்புகிற நாய். அதனால் இப்போதே தொடங்குங்கள். 15 அடிக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, கோழி மேய்கிற இடத்துக்கு நல்ல தூரத்தில் உட்கார வையுங்கள். கோழியை முறைப்பதை விட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிற அந்த நொடியில் வேகவைத்த முட்டையில் ஒரு துண்டு. இரண்டு மூன்று வாரத்தில் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். செத்த கோழியைக் கழுத்தில் கட்டி அடிக்கும் பழைய வழக்கம் இருக்கிறதே, அது நாயைப் பயந்தாங்கொள்ளி ஆக்குமே தவிரக் கோழியைக் காப்பாற்றாது. நன்றாகப் பழகிய பிறகும் நீங்கள் இல்லாத நேரத்தில் ஆட்டுக்குட்டியோடு தனியே விடாதீர்கள். கழுத்துப் பட்டை அகலமானதாக இருக்கட்டும், இந்த நாய்க்குத் தலை குறுகல், சாதாரணப் பட்டையிலிருந்து உருவிக்கொண்டு ஓடிவிடும். தோப்பில் முயல் இருந்தாலும் அதன் மேல் ஏவிவிட வேண்டாம், 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

காயடித்தால் பெட்டை தேடி அலைவது குறையும், ஆனால் ஓட்டமும் துரத்தலும் அதனால் போகாது. செய்வதென்றாலும் வளர்ச்சி முடியட்டும், ஒன்றரை வயதுக்கு மேல் மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். இந்தச் சாதிக்கு உடம்பில் கொழுப்பு குறைவு, மயக்க மருந்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும், அதை முன்னதாகவே அவரிடம் நினைவுபடுத்திவிடுங்கள்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி 3 மாதத்தில் போட்டிருக்க வேண்டும், விட்டுப்போயிருந்தால் இந்த வாரமே போடுங்கள், அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை. நேற்று வரை துள்ளிய குட்டி திடீரென்று ஒரு நாள் சாதுவாகச் சுருண்டு படுத்தால், அடங்கிவிட்டது என்று மட்டும் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தாலோ, வாந்தி, இரத்தக் கழிச்சல், மூக்கில் இரத்தம் எது இருந்தாலோ, உண்ணிக் காய்ச்சலோ, பார்வோ என்கிற வைரஸ் கழிச்சல் நோயோ, பாம்புக்கடியோ எதுவாகவும் இருக்கலாம், வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே பண்ருட்டிக்குத் தூக்கிப் போய்க் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.