வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்கிறார்கள், நம்பி வாங்கலாமா?

கேள்வி: வாடகை வருமானத்துக்காக முதன்முறையாக ஒரு ஃபிளாட் வாங்கப் பார்க்கிறேன். விலையில் 80 சதவீதம் வங்கிக் கடன் கிடைக்கும், மீதி என் சேமிப்பு. ஏற்கெனவே ஒரு குடும்பம் அதில் குடியிருக்கிறது. ஆண்டுக்கு 8 சதவீதம் வருமானம், வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்கிறார் புரோக்கர். வாங்கலாமா?

பதில்: புரோக்கர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. வாடகை உண்மையிலேயே தவணையைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், அப்படி இருந்தும் மாதாமாதம் உங்கள் சம்பளத்திலிருந்து பணம் போய்க்கொண்டே இருக்கலாம். எப்படி என்று ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

வீட்டின் விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள், எந்தப் பணமாக இருந்தாலும் சரி. ஆண்டு வாடகை 8. கடன் 80, வட்டி 7 சதவீதம், 20 ஆண்டுகள் என்றால் ஆண்டுத் தவணை ஏறக்குறைய 7.44 வரும். 8 வருகிறது, 7.44 போகிறது, ஆக மிச்சம்தான் என்று தோன்றும், புரோக்கரும் இந்த இடத்தில்தான் கால்குலேட்டரைக் கீழே வைப்பார். ஆனால் வருடத்தில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் 0.67 போய்விடும். பழுது, பெயின்ட், மோட்டார், குழாய் எல்லாம் சேர்த்து விலையில் 1 சதவீதமாவது ஒதுக்க வேண்டும், அது 1. சொத்து வரி, காப்பீடு, குடியிருப்புச் சங்கத்துக்குக் கட்டும் பராமரிப்புத் தொகை எல்லாம் சேர்ந்து 0.8 என்று வைப்போம். வாடகை வசூலிக்கவும் ஆள் பார்க்கவும் யாரையாவது வைத்தால் 0.6. (நானே பார்த்துக்கொள்வேன் என்பீர்கள், சரி, ஆனால் உங்கள் நேரம் இலவசம் என்று கணக்கில் எழுதாதீர்கள்.) இதெல்லாம் போகக் கையில் நிற்பது 4.93. தவணை 7.44. வருடத்துக்கு 2.5 உங்கள் பையிலிருந்துதான் போக வேண்டும்.

முதல் வருடத் தவணையில் ஏறக்குறைய 1.9 அசலில் கழிகிறது, அதனால் அது நஷ்டமில்லை என்று ஒருவர் வாதாடலாம், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்த 1.9 சுவருக்குள் போய் உட்கார்ந்துவிட்ட பணம். வேலை போன மாதத்தில் அதை எடுத்துப் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாது. முதல்முறை வாங்குகிறவர்களில் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்: சொத்து மதிப்பு ஏறிக்கொண்டே இருக்கும், கையில் பணம் இருக்காது, கடைசியில் நேரம் கெட்ட நேரத்தில் வந்த விலைக்கு விற்பார்கள்.

அந்த 8 சதவீதம் செலவுகளைக் கழிக்காத கணக்கு என்பது இப்போது தெரிந்திருக்கும். பதிவுச் செலவு, வக்கீல் கட்டணம், தரகு எல்லாம் சேர்த்து இன்னொரு 8 ஆகிறது என்று வைத்தால் நீங்கள் போட்டது 108, அதற்கு 4.93 என்பது நாலரை சதவீதம் சொச்சம்தான். 7 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கி நாலரை சதவீதம் தரும் பொருளை வாங்கினால், கடன் கூடக்கூட உங்கள் நிலைமை மோசமாகிறது. விலை ஏறி ஈடுகட்டிவிடும் என்று நம்பித்தான் பலர் இதைச் செய்கிறார்கள். ஏறலாம். ஆனால் அது ஊகம், வாடகை வருமானம் என்ற கணக்கில் வராது. கடனை 50 ஆகக் குறைத்துப் பாருங்கள்: ஆண்டுத் தவணை 4.65 ஆகிவிடும், 4.93-இல் கொஞ்சம் மிஞ்சும். மாறும் வட்டிக் கடன் என்றால் இரண்டு சதவீதம் கூட்டியும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள், 9 சதவீதத்தில் அந்த 80-க்குத் தவணை 8.64, அதாவது மொத்த வாடகையையும் தாண்டிவிடும்.

அப்புறம், ஏற்கெனவே குடியிருக்கும் குடும்பம். இதை நல்ல விஷயமாகத்தான் சொல்வார்கள், பெரும்பாலும் நல்லதுதான், ஆனால் சரிபார்க்காமல் விடாதீர்கள். விற்பவர் வாயால் சொல்லும் வாடகை வேண்டாம், வாடகை ஒப்பந்தத்தையும் கடந்த ஒரு வருடம் வாடகை வரவான வங்கிக் கணக்கு விவரத்தையும் கேளுங்கள். விற்பதற்காகவே தெரிந்தவரைக் கூடுதல் வாடகைக்குக் குடிவைத்துக் காட்டுவதும் நடக்கும், நீங்கள் வாங்கிய மூன்றாம் மாதம் அவர் காலி செய்துவிடுவார். குடியிருப்பவர் கொடுத்த முன்பணத்தை விற்பவர் உங்களிடம் ஒப்படைக்கிறாரா, விலையில் கழிக்கிறாரா என்பதை எழுத்தில் வாங்குங்கள், இல்லாவிட்டால் அவர் காலி செய்யும் நாளில் நீங்கள் வாங்காத பணத்தை நீங்கள் திருப்பித்தர வேண்டி வரலாம். வாடகையை எவ்வளவு ஏற்றலாம், காலி செய்யச் சொல்ல எத்தனை நாள் அவகாசம் தர வேண்டும் என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும் சட்டம், உள்ளூர் வக்கீலிடம் பத்திரம், வில்லங்கம் பார்க்கக் கொடுக்கும்போதே இதையும் கேட்டுவிடுங்கள்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது குடியிருப்பவரிடம் தனியாக ஐந்து நிமிடம் பேச முடிந்தால் பேசுங்கள். "இங்கே எது அடிக்கடி ரிப்பேர் ஆகும்?" என்று கேட்டால் போதும், புரோக்கர் சொல்லாததெல்லாம் வெளியே வரும். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, சமையலறைக் குழாயையும் திறந்து, தண்ணீர் வேகம் குறைகிறதா என்று பாருங்கள். சிங்க்குக்குக் கீழே உள்ள கதவைத் திறந்து பலகையைக் கையால் அழுத்திப் பாருங்கள், ஊறிப்போயிருந்தால் விரல் பதியும். வீடு முழுக்கப் பழைய பெயின்ட், ஒரே ஒரு மூலையில் மட்டும் கூரையோரம் புதுசாக அடித்திருக்கிறது என்றால் அதற்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்று விசாரியுங்கள், பெரும்பாலும் மேல்வீட்டுக் குளியலறையாக இருக்கும். இன்னொன்று, குடியிருப்புச் சங்கத்தின் கடைசிக் கூட்டக் குறிப்பு. லிஃப்டை மாற்றுவது, மொட்டைமாடியில் நீர்க்கசிவை அடைப்பது மாதிரியான பெரிய வேலை ஏதாவது பேச்சில் இருந்தால் அதற்கான பங்கு உங்கள் தலையில்தான் விழும், அதைத் தெரிந்துகொண்டே விற்கிறவர்களும் உண்டு.

வாங்கிய பிறகு வாடகையில் ரொம்பக் கறார் வேண்டாம். 5 சதவீதம் கூடக் கேட்டு, அதனால் நல்ல ஆள் போய் வீடு ஒரு மாதம் காலியாக இருந்தால், விட்டதைப் பிடிக்க 20 மாதம் ஆகும்.

உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில்: நீங்கள் சொன்ன 80 சதவீதக் கடனில், சொன்ன விலைக்கு, நான் வாங்க மாட்டேன். மேலே உள்ள செலவுகளை அந்த வீட்டின் உண்மையான எண்களை வைத்து நீங்களே போடுங்கள். எல்லாம் போக நிற்பது தவணையை ஒட்டியாவது வரும் அளவுக்கு விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது சொந்தப் பணம் கூடச் சேரும்வரை பொறுங்கள். வீடே வாங்கினாலும் ஆறு மாதத் தவணைக்கான பணம் தனியாக இருக்க வேண்டும், விலையில் உங்கள் பங்கு, பதிவுச் செலவு எல்லாம் கொடுத்து முடித்த பிறகும் அது இருக்க வேண்டும். ஒப்பந்தம், வங்கி விவரம், கூட்டக் குறிப்பு இந்த மூன்றையும் இன்றைக்கே கேட்டுவிடுங்கள். டோக்கன் (வாங்குவதை உறுதிசெய்ய முதலில் கொடுக்கும் தொகை) போட்ட பிறகு தருகிறோம் என்றால் டோக்கன் போடாதீர்கள்.