லிஃப்டுக்குள் எல்லோரும் ஏன் கதவையே பார்க்கிறோம்? – சமூகவியல் கேள்வி பதில்

மனித சுபாவம், அன்றாட வாழ்க்கை பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

மனிதன் இயல்பிலேயே சுயநலக்காரனா, நல்லவனா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். (முதலாமாண்டு மாணவர்)

சுற்றி வளைக்காமல் சொன்னால் பொய்தான் சொல்ல வேண்டியிருக்கும். தட்டிக் கேட்க ஓர் அரசு இல்லாவிட்டால் மனிதர்கள் அடித்துக்கொண்டு சாவார்கள் என்று 1651-இல் எழுதினார் தத்துவஞானி தாமஸ் ஹாப்ஸ். மனிதன் ஒழுங்காகத்தான் இருந்தான், சமூகம்தான் அவனைக் கெடுத்தது என்றார் அடுத்த நூற்றாண்டில் வந்த இன்னொரு தத்துவஞானி ரூசோ. இரண்டு கட்சிக்கும் இன்றுவரை ஆள் இருக்கிறது. சமூகவியலின் கேள்வி வேறு. வரிசையில் பொறுமையாக நிற்கும் அதே ஆள், வண்டியில் ஏறியதும் எப்படி ராட்சசன் ஆகிறான்? வரிசையில் அவனுக்கு மற்றவர்களின் முகம் தெரிகிறது, அவர்களுக்கும் அவன் முகம் தெரிகிறது. சாலையில் வண்டியின் பின்பக்கம் மட்டும்தான் தெரிகிறது. சுபாவம் மாறவில்லை, ஏற்பாடு மாறியிருக்கிறது. நான் எந்தக் கேள்வியையும் இங்கிருந்துதான் தொடங்குவேன்.

லிஃப்டில் ஏறினால் எல்லோரும் கதவையோ போனையோ பார்க்கிறோம். மனிதர்களுக்கு அவ்வளவு வெறுப்பா?

வெறுப்பே இல்லை, மரியாதை. சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். தெருவில் அந்நியர் ஒருவர் எதிரே வந்தால் ஒரு கணம் பார்க்கிறோம்: ‘நீ இருப்பது எனக்குத் தெரியும்.’ அருகில் வந்ததும் கண்ணை விலக்கிக்கொள்கிறோம்: ‘உன்னைக் கண்டு பயமும் இல்லை, உன்னைத் துருவிப் பார்க்கும் ஆசையும் இல்லை.’ சுமார் எட்டு அடி தூரத்தில் இந்த விலக்கல் நடக்கிறது, எதிரே வண்டி வந்தால் விளக்கைத் தாழ்த்துவது மாதிரி என்பது அவர் கணக்கு. லிஃப்டில் எட்டு அடிக்கு எங்கே போவது? அதனால்தான் கதவு, மாடி எண், போன்.

இந்த மரியாதை எல்லோருக்கும் கிடைத்துவிடுவதில்லை என்பதையும் கவனியுங்கள். சக்கர நாற்காலியில் வருபவரை முறைத்துப் பார்ப்பார்கள், அல்லது அங்கே ஆளே இல்லாத மாதிரி நடந்துகொள்வார்கள். ஒரு கணம் பார்த்து விலகும் சாதாரண பார்வை எவ்வளவு பெரிய அங்கீகாரம் என்பது அது கிடைக்காதவர்களுக்குத்தான் தெரியும்.

ரயிலில் உடம்பு முடியாதபோதுகூட யாரிடமும் இடம் கேட்க எனக்கு வாய் வருவதில்லை. என் கூச்சத்துக்கு என்ன வழி?

அது உங்கள் கூச்சம் மட்டுமில்லை. 1970-களில் ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் தன் மாணவர்களை நியூயார்க் சுரங்க ரயிலுக்கு அனுப்பினார். உட்கார்ந்திருப்பவரிடம் போய், காரணம் எதுவும் சொல்லாமல், ‘தயவுசெய்து உங்கள் இடத்தைத் தருகிறீர்களா?’ என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான். யார் தருவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 68 சதவீதம் பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள் அல்லது நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

இன்னும் வேடிக்கை: ‘நின்றுகொண்டு புத்தகம் படிக்க முடியவில்லை’ என்று அற்பமான ஒரு காரணத்தைச் சேர்த்துக் கேட்டபோது கொடுத்தவர்கள் சுமார் 42 சதவீதமாகக் குறைந்துவிட்டார்கள். காரணமே சொல்லாதவருக்கு ஏதோ பெரிய கஷ்டம் என்று ஜனங்கள் தாங்களே நினைத்துக்கொள்கிறார்கள் போலிருக்கிறது. அற்பக் காரணம் அந்தச் சந்தேகத்தின் பலனைக் கெடுத்துவிடுகிறது.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது கேட்டவர்கள் பட்ட பாடு. மாணவர்கள் திணறுவதைப் பார்த்து மில்கிராமே ஒருநாள் இறங்கினார். கேள்வி தொண்டையிலேயே சிக்கிக்கொண்டது. ஒருவழியாகக் கேட்டு, இடமும் கிடைத்தபின், உடம்பு சரியில்லாதவர் மாதிரி காட்டிக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதாம். எழுதப்படாத சட்டத்துக்குக் காவலாளி நமக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். உங்களுக்கு உண்மையான காரணமே இருக்கிறதே அம்மா, தைரியமாகக் கேளுங்கள்.

வாடிக்கையாளர் சேவையில் வேலை. நாள் முழுக்கச் சிரித்துப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. மனைவி கோபித்துக்கொள்கிறார்.

உங்கள் வேலையில் உடம்பு உழைப்பு, மூளை உழைப்பு தவிர மூன்றாவதாக ஒன்றும் விற்பனையாகிறது. சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷில்ட் 1983-இல் விமானப் பணிப்பெண்களை வைத்து இதை விளக்கினார்: உணர்ச்சி உழைப்பு, அதாவது சம்பளத்துக்காக உணர்ச்சியை வரவழைத்துக் காட்டுவது. உதட்டளவில் சிரிப்பது ஒரு வகை. இன்னொன்று ஆழமானது. விமானத்தின் உட்பகுதியைத் தங்கள் வீட்டு வரவேற்பறையாகவும், பயணிகளை விருந்தாளிகளாகவும் நினைத்துக்கொள்ள அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அப்படி நினைத்தால் சிரிப்பு ‘உண்மையாகவே’ வரும். சொந்த வீட்டு நினைவே நிறுவனத்தின் கருவியாகிவிட்டால் சொந்த வீட்டில் மிச்சம் என்ன இருக்கும்? கடன் வசூலிப்பவர்களையும் அவர் ஆராய்ந்தார். அங்கே கடுகடுப்புக்குத்தான் சம்பளம்.

ஆகவே உங்கள் மௌனம் அன்பில்லாததால் வந்தது அல்ல. அதை மனைவியிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், நீங்கள் சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்? அவரும் வேலைக்குப் போகிறவர் என்றால் வீட்டு வேலை என்ற அடுத்த ஷிஃப்ட் யார் தலையில் விழுகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். கோபத்துக்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம்.

ஆபத்தில் யார் விழுந்தாலும் நகரத்துக் கூட்டம் வேடிக்கைதான் பார்க்கும். சரிதானே?

பாதிதான் சரி. 1964-இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண் கொல்லப்பட்டபோது 38 பேர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று செய்தி வந்தது. அது மிகைப்படுத்தல் என்று பின்னாளில் தெரியவந்தது. ஆனால் அந்தச் செய்தியால் தூண்டப்பட்டு டார்லி, லாட்டனே என்ற உளவியலாளர்கள் இருவரும் 1968-இல் வெளியிட்ட சோதனை பொய்யில்லை. பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவதாக நம்பவைத்தார்கள். கேட்பது தான் மட்டுமே என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் உதவி கேட்டு ஓடினார்கள். இன்னும் நான்கு பேருக்கும் கேட்கிறது என்று நம்பியவர்களில் 31 சதவீதம்தான். கல் நெஞ்சம் காரணமல்ல, ‘வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள்.’

மறுபக்கமும் உண்டு. பிரிட்டன், நெதர்லாந்து, தென்னாப்பிரிக்கா நகரங்களில் நடந்த 219 தெருச் சண்டைகளின் கண்காணிப்பு கேமரா பதிவுகளை ஆராய்ந்து 2020-இல் ஒரு கட்டுரை வந்தது. பத்தில் ஒன்பதில் யாராவது ஒருவராவது குறுக்கே போயிருக்கிறார். கூட்டம் பெரிதாக இருந்தால் உதவி கிடைக்கும் வாய்ப்பும் கூடுகிறது.

நீங்களே விழுந்துவிட்டால்: ‘யாராவது வாங்க’ என்று கத்தாதீர்கள். ‘நீல சட்டை, நீங்கதான், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க’ என்று ஒருவரைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

அலுவலகத்தில் ஒருத்தி, வீட்டில் ஒருத்தி, தோழிகளிடம் ஒருத்தி. நான் போலியா?

இல்லை. மூன்று இடத்திலும் ஒரே மாதிரி இருப்பவரோடு ஒருநாள் பழகிப் பாருங்கள், தெரியும்.

எல்லாமே சமூகம், ஏற்பாடு என்றால் நான் என்று ஒன்று கிடையாதா?

நல்ல அடி. 1961-இல் டென்னிஸ் ராங் தன் சக சமூகவியலாளர்களைப் பார்த்து இதையேதான் கேட்டார்: மனிதனை அளவுக்கு மீறிப் பழக்கப்படுத்திவிட்டீர்களே, பசியும் காமமும் முரண்டும் உள்ள உடம்பு எங்கே போயிற்று? விதிகளைக் கற்றுக்கொள்வது ஒன்று, அவற்றுக்கு முழுதாக அடங்கிப்போவது வேறு என்றார். நான் அவர் பக்கம். ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு பிள்ளைகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. அதற்கு முழு விளக்கம் எங்கள் துறையில் கிடையாது.

தெரிந்த விஷயத்தைத் தெரியாத வார்த்தையில் சொல்வதுதானே சமூகவியல்?

சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்ட் 1949-இல் இதற்கு ஒரு குறும்பு செய்தார். அமெரிக்க ராணுவ வீரர்களைப் பற்றிய ஆய்வின் முடிவுகள் என்று சிலவற்றைப் பட்டியலிட்டார். படித்த வீரர்களுக்குத்தான் மனநலத் தொல்லை அதிகம், கிராமத்து ஆட்கள் நகரத்தாரைவிட உற்சாகமாக இருந்தார்கள், இப்படி. ‘இதற்கு ஆய்வு வேறா?’ என்று வாசகர் தலையாட்டி முடித்ததும், உண்மையில் கண்டது எல்லாம் இதற்கு நேர் எதிர் என்று சொன்னார்.

எழுதப்படாத விதிகளை நானே சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டா?

சமூகவியலாளர் ஹெரால்ட் கார்ஃபிங்கல் தன் மாணவர்களிடம், சொந்த வீட்டிலேயே கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை வாடகைக்கு வந்தவர் மாதிரி நடந்துகொள்ளச் சொன்னார். கூப்பிட்டால் மட்டும் பேச வேண்டும், எதற்கும் அனுமதி கேட்க வேண்டும், படு பவ்யமாக இருக்க வேண்டும். பல வீடுகளில் ரகளை. ‘உடம்பு சரியில்லையா?’, ‘புத்தி பேதலித்துவிட்டதா?’ என்றார்கள். பரிசோதனைதான் என்று விளக்கிய பிறகும் சிலருக்குக் கோபம் ஆறவில்லை. செய்வதாக இருந்தால் கால் மணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாமியார் வீட்டில் வேண்டவே வேண்டாம்.