பண்டைய கிரேக்கத்தில் ஒரே வினைக்கு இரண்டு வடிவங்கள் வழங்கியதை அக்கால அகராதியாளர்கள் எப்படி விளக்கினார்கள்?

இரண்டில் எது யாருடைய வழக்கு என்று சொல்லித் தீர்ப்பளிப்பதே பெரும்பாலும் அவர்களுடைய விளக்கமாக இருந்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் மக்கள் பேசியது கொய்னே என்னும் பொதுக் கிரேக்கம். கற்றோர் எழுத விரும்பியதோ ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முந்தைய ஏதென்ஸின் அத்திக் நடை. அந்த இடைவெளியில் தடுமாறியவர்களுக்காகவே ஃபிரினிக்கஸ், மோயெரிஸ் போன்றோர் சொற்பட்டியல்களைத் தொகுத்தனர்.

‘நீ இருந்தாய்’ என்பதற்கு ‘ஏஸ்’ என்பது பிழை, ‘ஏஸ்தா’ என்றே சொல்ல வேண்டும் என்கிறார் ஃபிரினிக்கஸ். ‘நான் இருந்தேன்’ என்பதற்கு வழங்கிய ‘ஏமேன்’ பழையவர்களிடமும் காணப்படுகிறது என்று ஒப்புக்கொண்ட பிறகும் அதை விலக்குகிறார். ‘ஆகுதல்’ என்னும் வினையில் ‘கெனேதேனாய்’ என்பது எப்பிகார்மஸ் என்னும் சிசிலி நாடகக் கவிஞரிடம் வரும் டோரியக் கிளைமொழி வழக்கு என்றும், அத்திக் நடையில் எழுதுபவர் ‘கெனெஸ்தாய்’ என்றே சொல்ல வேண்டும் என்றும் விதிக்கிறார்.

இந்தக் கடைசி விளக்கம் எனக்குப் போதுமானதாகப் படவில்லை. மத்தேயு நற்செய்தியில், ‘உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக’ என்று நாம் அறிந்த மன்றாட்டின் கிரேக்க மூலத்தில் வரும் ‘கெனேதேதோ’ இதே வகை வடிவம்தான். அதைச் சொன்னவர்கள் சிசிலிக் கவிஞரைப் பின்பற்றியிருக்க வாய்ப்பில்லை. செயப்பாட்டு இறந்தகாலத்துக்குரிய ‘தே’ என்னும் இடைநிலை கொய்னேயில் பிற வினைகளுக்கும் பரவிக்கொண்டிருந்தது என்பதே பொருத்தமான காரணம். ‘ஏஸ்’ தோன்றியதும் இத்தகைய ஒப்புமையால்தான்: முன்னிலை ஒருமையில் ‘-தா’ அரிய விகுதி, ‘-ஸ்’ பெருவழக்கு. ‘நீ அறிவாய்’ என்னும் ‘ஒய்ஸ்தா’வும் இவ்வாறே ‘ஒய்தஸ்’ ஆனது. அந்த அரிய விகுதியின் தொன்மையைச் சமஸ்கிருதத்தின் ‘வேத்த’ இன்றும் காட்டுகிறது. அகராதியாளர்களிடம் இந்த ஒப்பீட்டுக் கருவி இல்லை.

ஆயினும் அவர்களைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. எழுத்தாளர்கள் மறைக்க முயன்ற பேச்சு வழக்கு இந்த அகராதியாளர்களின் தடைகளில்தான் பதிவாகியுள்ளது. ஃபிரினிக்கஸ் விலக்கிய ‘ஏமேன்’ இன்றைய கிரேக்கத்தில் ‘ஈமுன்’ என வாழ்கிறது. ‘அத்திக்வாத எதிர்ப்பாளர்’ என இன்று அழைக்கப்படும் பெயர் தெரியாத தொகுப்பாளர், விலக்கப்பட்ட பல வழக்குகளுக்குப் பழைய ஆசிரியர்களிடமிருந்து சான்று காட்டினார். ஆனால் அவரும் ‘முன்னோர் யார் இப்படிச் சொன்னார்’ என்றே கேட்டார். அந்த வடிவம் எப்படித் தோன்றியது என்று கேட்கவில்லை.